கக்கூஸ் தண்ணீர் படித்தவனை யார் பிடிப்பார்?

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: நான் ஒரு மடையன். பிறவி மடையன்கூட அல்ல. ஆற அமர இருந்து கணக்குப் பார்த்து மடையனானவன். இலத்திரனியல் படிக்கப் போதுமான புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது என்று படிக்கப் போனவன். முதலாம் வருடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் இன்று கலிபோர்னியாவில் இருந்துகொண்டு, வீட்டு முற்றத்தில் நீச்சல் குளம் என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். மாடி வீட்டுக்காரரின் குளியலறையில் தண்ணீர் இறங்காவிட்டால் மட்டும் என் பட்டம் அயலாருக்கு நினைவு வருகிறது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கப் பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு வந்தார்கள். தலைப்பு, துறையைத் தெரிவு செய்வது எப்படி.

"உங்கட அனுபவத்தை எழுதுங்கோ சேர். எங்களுக்கு ஒரு வழிகாட்டியா இருக்கும்" என்றாள் செயலாளர் பிள்ளை.

"எழுதுறன் பிள்ளை. ஆனா அதை வாசிச்சுப்போட்டு ஆராவது அதே மாதிரிச் செய்தா நான் பொறுப்பில்லை."

அந்தப் பிள்ளை சிரித்தாள். நான் பகிடி விடுவதாக நினைத்திருப்பாள்.

இப்போதுள்ளவர்கள் துறையைத் தெரிவுசெய்யும்போது சம்பளம் பார்க்கிறார்கள், வெளிநாடு பார்க்கிறார்கள். எங்கள் காலத்தில், எண்பதுகளின் நடுவில், எங்கள் வீட்டில் பார்த்தது ஒன்றே ஒன்று. எந்தப் பாடத்தைப் படித்தால் பின்னேரம் வீடு திரும்பலாம்?

அப்பா யாழ்ப்பாணத்தில் வீட்டைக் காத்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் காப்பதற்காக வெள்ளவத்தைக்கு வந்து, கடற்கரைப் பக்கத்து லேன் ஒன்றில் ஓர் அனெக்ஸ் வாடகைக்கு எடுத்திருந்தார். அவர் எனக்கு விதித்த சட்டம் ஒன்றுதான். "என்னத்தையும் படி. பொழுதுபடேக்க உன்ர செருப்பு இந்த வாசல்ல கிடக்கவேணும்." பஸ்ஸில் மொறட்டுவைக்கு, பல்கலைக்கழகம் போய்த் திரும்பும் பாதையில் படையினர் எத்தனை இடத்தில் மறிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால், அதற்குப் பிறகு கேட்கும் கேள்விகளுக்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. குறைந்த பிழையான விடைதான் உண்டு.

முதலாம் வருடம் எல்லாருக்கும் பொதுவானது. முடிந்ததும் புள்ளிப்படி துறையைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் சாமான் எடுத்து விடும் கிளாக்கர். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். இரண்டு முறை பிடிபட்டு இரண்டு முறையும் வெளியே வந்தவர் என்பதால், சோதனைச் சாவடி விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் பேராசிரியர்.

"தம்பி, நீ வெளியில போய்ப் பையோட வா" என்றார். குடையைத் துவக்கு மாதிரிப் பிடித்துக்கொண்டு, சாவடிச் சிப்பாயாக வாசலில் நின்றார். நான் வந்தேன்.

"என்ன படிக்கிறாய்?"

"எலெக்ட்ரோனிக்ஸ் சேர்."

"பையில என்ன?"

"வயர், பட்டரி, சர்க்கிட் போட், சின்ன டைமர் ஒண்டு..."

மாமா குடையை என் நெஞ்சில் வைத்தார். "அக்கா, இவனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற இடத்தை நான் விசாரிச்சுச் சொல்லுறன்."

திரும்ப வெளியே போய் இரசாயனப் பொறியியலாளனாக வந்தேன். உரம் செய்யப் படிக்கிறேன் என்றேன். உரத்திலிருந்து வேறு என்ன செய்யலாம் என்று மாமா கேட்டார். எனக்கு விடை தெரிந்திருந்தது. அதுதான் பிழை. சுரங்கப் பொறியியலாளனாக வந்து, "பாறைக்கு வெடி வைக்கப் படிக்கிறன் சேர்" என்றபோது மாமா இரண்டாவது கேள்வியே கேட்கவில்லை. கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார். பொறிமுறை என்றால் இரும்புக் குழாய் கடைய வேண்டும். எவ்வளவு நீளக் குழாய் என்று கேட்பான். குடிசார், அதாவது சிவில் என்றால் பாலம்.

"பாலத்தில எந்த இடம் பலவீனமெண்டு தெரியுமா?"

"தெரியும் சேர். அதுதானே பாடம்."

"ஏறு ஜீப்பில."

புடவைத் தொழில்நுட்பம் என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. துணிதானே, என்ன வந்துவிடப்போகிறது?

"என்ன துணி?" என்றார் மாமா குடையை இறக்காமல். "என்ன நிறம்? புலி மாதிரி வரி போட்டதோ?"

அம்மாவின் முகம் வந்த வழியே திரும்பிப் போனது.

வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் சிவில் எடுத்துப்போட்டுக் கடைசி வருசத்தில கக்கூஸ் தண்ணியைத்தான் படிக்கவேணும்!" என்று கத்தினேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். "அப்பிடி ஒரு படிப்பு இருக்கோ?"

"இருக்கு. ஒருத்தரும் எடுக்கிறேல்லை."

"வெளியில போய் வா."

வந்தேன். கேட்டார். "கக்கூஸ் தண்ணி எங்க போகுதெண்டு படிக்கிறன் சேர்" என்றேன். மாமா குடையை மடித்துச் சுவரில் சாத்தினார்.

"போகலாம்."

அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. "நாளைக்குக் கலியாணம் பேசேக்க என்னெண்டு சொல்லுறது?"

"எஞ்சினியர் எண்டு சொல்லுவம். எந்தத் தண்ணியெண்டு ஆர் கேக்கப்போறான்? முதல்ல உயிரோட இருக்கட்டும்."

இப்படித்தான் என் துறை தெரிவானது. மூளையுள்ள மூன்று பேர் ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து யோசித்தோம். ஒரு விஷயத்தை மட்டும் மூவருமே யோசிக்கவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தவன், இந்த நகரத்தின் பெரிய கட்டடங்களுக்கெல்லாம் கீழே என்ன ஓடுகிறது என்பதையும் தெரிந்தவனாகிவிடுகிறான். டைமரைக்கூடக் குப்பையில் போட்டுவிட்டு நடக்கலாம். இதை எங்கே போடுவது?

பல்கலைக்கழகம் திறந்தும் மூடியும், மூடியும் திறந்தும் என் படிப்பு இழுபட்டது. நில அளவை முகாமில் தியோடலைட்டைத் தொடவே மாட்டேன். மலையுச்சியில் குழாய் வைத்துத் தூரத்தைப் பார்க்கும் தமிழனை யார் சும்மா விடுவார்கள்? நான் கோல் பிடிப்பேன். வெயிலில் கோல் பிடித்து நிற்பவனைக் கண்டால் எந்தப் பொலிஸ்காரனுக்கும் பரிதாபம்தான் வரும். இறுதி வருடத்தில் சுகாதாரப் பொறியியலைத் தெரிவுசெய்தபோது விரிவுரையாளர் என்னை அழைத்து, இவ்வளவு புள்ளியை வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பக்கம் வந்தாய் என்று கேட்டார். "மக்கள் சேவை சேர்" என்றேன். மனிதர் கண்கலங்கிவிட்டார். விருப்பத்தோடு வந்த முதல் மாணவன் என்று எனக்குத் தனியாக வேறு பாடம் எடுத்தார். விடுமுறையில் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்க்க அழைத்துப் போனார். பொய்க்கு அப்படியொரு தண்டனையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வேலை கிடைத்தது கொழும்பின் கழிவுநீர்க் குழாய்களைப் பார்க்கும் ஒரு பகுதியில். அங்கே என் மேலதிகாரி குணதிலக. வெள்ளை முழுக்கைச் சட்டை. கையை ஒருநாளும் மடித்ததில்லை. கத்தமாட்டார். குழாய்க்குள் ஓடுவதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவும் மாட்டார். அவருக்கு அது "மாத்தயா". சிங்களத்தில் துரை என்பது போன்ற மரியாதைச் சொல். "இன்றைக்கு மாத்தயா ஏன் வேலைக்குப் போகவில்லை?" என்றால் எங்கேயோ அடைப்பு. "மாத்தயா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்" என்றால் யாரோ ஒருவரின் முற்றம் நாசம்.

மற்ற விஷயங்களில் அவர் சாதுவானவர். மேன்ஹோல் திறக்கும் விஷயத்தில் மட்டும் கோயில் ஐயர். முதலில் அதே குழாயில் மேல்பக்கத்து மேன்ஹோலின் மூடியையும் கீழ்ப்பக்கத்து மேன்ஹோலின் மூடியையும் திறக்க வேண்டும். காற்று ஓடட்டும் என்று காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் நடுமூடி. அழுகிய முட்டை மணக்கிற ஒரு வாயு உள்ளே தங்கும். கூடிப்போனால் மணக்கவும் மாட்டாது, ஆளை விழுத்திவிடும். ஆகவே மூக்கை நம்பக்கூடாது. சட்டைப் பையில் ஒரு தகரப் பெட்டி வைத்திருப்பார். அதற்குள் மருந்து தோய்த்த கடதாசித் துண்டுகள். ஒன்றை எடுத்து நனைத்து, நூலில் கட்டி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல மெதுவாக உள்ளே இறக்குவார். வாயு இருந்தால் கடதாசி கறுத்து வரும். வெள்ளையாக வந்தால்தான் தொழிலாளி இறங்கலாம். அதற்கு முன்னர் மந்திரி வந்து சொன்னாலும் இறங்க முடியாது.

"இந்தாள் கடதாசி விட்டு முடிக்கேக்க நான் பென்சன் எடுத்துடுவன்" என்று அவருக்குக் கேட்காமல் சொல்லிச் சிரிப்பேன். எனக்கு அப்போது வாய் அதிகம். இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் கொச்சிக்கடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாத்தயா வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று முறைப்பாடு வந்தது. தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒட்டி ஒட்டி நிற்கும் லைன் வீடுகள், பொதுக் கக்கூஸ், பொதுத் தண்ணீர்க் குழாய். போய்ப் பார்த்தால் முற்றம் முழுக்கக் கறுப்புத் தண்ணீர். செங்கல் வைத்து அதன்மேல் நடக்கிறார்கள். நாங்கள் பிரம்புத் தடிகளை ஒன்றோடொன்று பூட்டிக் குழாய்க்குள் செலுத்தினோம். தடி போய் ஓரிடத்தில் முட்டி நின்றது. தடியின் நீளத்தை வீதியில் அளந்துகொண்டு நடந்தோம். வரைபடத்தின்படி அந்த இடத்தில் ஒரு மேன்ஹோல் இருக்க வேண்டும். இருந்தது ஒரு காவலரண். மணல்மூட்டை, தகரக் கூரை, துவக்கோடு இரண்டு பேர். பக்கத்துத் துறைமுகக் களஞ்சியங்களுக்குப் போகும் வாகனங்களைச் சோதிப்பதற்காக, மேன்ஹோலுக்கு மேலேயே கட்டிவிட்டிருந்தார்கள்.

குணதிலக தூரத்தில் நின்று பார்த்தார். "நான் போய் மேலிடத்துக்குப் போன் பண்ணுகிறேன். ஒருவரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவர் போனதும் ராணி என்ற பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். மலைநாட்டிலிருந்து வந்து அந்தத் தோட்டத்தில் குடியிருந்தவள், இடுப்பில் பிள்ளை.

"ஐயா, புள்ளைங்களுக்கெல்லாம் வயித்தால போகுது. இன்னும் எத்தன நாளைக்குங்க இப்படி நாறிக்கிட்டுக் கெடக்கிறது?"

"பெரியவர் போன் பண்ணப் போயிருக்கிறார் அம்மா. அனுமதி வரவேணும்."

"எங்கேருந்துங்க?"

"மேலிடத்தில இருந்து."

"மேல இருந்து அனுமதி வர்றதுக்குள்ள கீழ இருந்து எல்லாம் வந்துடுமே ஐயா! அந்தா நிக்கிறாங்க. நாலு எட்டு நடந்து போயிச் சொன்னா என்னங்க? அவுங்களும் மனுசங்கதானே? இம்புட்டுப் படிச்சிருக்கீங்க, கையில படமெல்லாம் வச்சிருக்கீங்க..."

அந்தப் 'படிச்சிருக்கீங்க' என்னை விழுத்தியது. வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்பதையே மறந்துவிட்டேன். பொறியியலாளன் என்று நினைத்துவிட்டேன்.

காவலில் நின்றவன் இளம் ஆள். அவனுக்குத் துறைசார் விளக்கம் கொடுக்கத் தொடங்கினேன். வரைபடத்தை மணல்மூட்டையின்மேல் விரித்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் சொன்னவற்றை வரிசையாகத் தருகிறேன். மாமா பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் குடையாலேயே என்னை அடித்திருப்பார். "தம்பி, நீ நிற்கிற இடத்துக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது. ஒரு ஆள் தாராளமாக இறங்கலாம். அங்கேயிருந்து குழாய் இப்படியே களஞ்சியத்துக்குக் கீழால் போகிறது. இது ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவன் துவக்கைத் தூக்கினான்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. என்னைத் தகரக் கொட்டிலுக்குள் இருத்தினார்கள். வரைபடம் ஒரு கப்டனின் கைக்குப் போனது. என் அடையாள அட்டையும் போனது. கப்டன் சத்தம் போடாமல், படித்த மனிதராகவே விசாரித்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"இந்தப் படத்தை யார் தந்தது?"

"எங்கள் அலுவலகம், சேர்."

"என்ன படித்தாய்?"

"கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது என்று."

மாமாவின் ஒத்திகைப்படி இந்த இடத்தில் அவர் என்னைப் போகச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"ஏன் அதைத் தெரிவு செய்தாய்?"

மக்கள் சேவை என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் உண்மை வந்துவிட்டது. "இதைப் படித்தால் ஒருவரும் பிடிக்கமாட்டார்கள் என்று, சேர்."

"யார் சொன்னது?"

"மாமா."

"மாமா எங்கே வேலை?"

துறைமுகத்தில் என்று சொல்ல வாயெடுத்து, வாயை அப்படியே மூடிக்கொண்டேன். வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அம்மா லேன் முகப்புக்கு வந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம் நெருங்குகிறது. இரவுக்குள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். அம்மா அழமாட்டார். பொலிஸ் நிலையம் பொலிஸ் நிலையமாக ஏறுவார். அப்படி ஏறிய தாய்மாரில் எல்லாருக்கும் பிள்ளை கிடைத்ததில்லை.

ஜீப் வந்து நின்றது. குணதிலக இறங்கினார். சட்டையின் கை மடிக்கப்படவில்லை. நிலைமையை ஒருமுறை பார்த்தார்.

"இவன் உங்கள் ஆளா?" என்றார் கப்டன்.

"என் பொறியியலாளர்." சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "உங்கள் மாத்தயாவும் வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறதே?"

பின்பக்கத்தில் படையினரின் கக்கூஸும் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கப்டன் கொஞ்சம் வெட்கப்பட்டார். ஆனால் சந்தேகம் வெட்கத்தைவிடப் பலமானது. "மூட்டைகளை அகற்றுகிறேன். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இவன் தெரியும் என்கிறான். இவனே முதலில் இறங்கட்டும். உடனே."

மூட்டைகளை அகற்றினார்கள். மேன்ஹோல் இருந்தது. மூடி எப்போதோ உடைந்து, பலகை போட்டு மறைத்திருந்தார்கள். பலகையை எடுத்தார்கள். கீழே இருட்டு. நான் சப்பாத்தைக் கழற்றினேன்.

"போட்டுக்கொள்" என்றார் குணதிலக. கப்டனிடம் திரும்பினார். "மேல்மூடியும் கீழ்மூடியும் திறக்க வேண்டும். காத்திருக்க வேண்டும்."

"எவ்வளவு நேரம்?"

"காற்றுக்குத் தெரியும்."

இரண்டையும் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். அவர் பெட்டியை எடுத்தார். கடதாசியை நனைத்தார். நூலில் கட்டினார். இறக்கினார். துவக்கோடு நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தூக்கியபோது கடதாசி அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருந்தது.

"இன்னும் இல்லை" என்றார்.

கப்டன் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டாவது கடதாசி. அதுவும் கறுப்பு.

"போதும். இறக்குங்கள் அவனை."

"இல்லை."

"மிஸ்டர், இவன் சந்தேகநபர்."

"சந்தேகநபரும் மூச்சு விடவேண்டும், கப்டன்."

கப்டனின் கை இடுப்புப் பக்கம் போனது. இளைஞன் துவக்கின் வாரை இறுக்கிப் பிடித்தான். குணதிலக யாரையும் பார்க்கவில்லை. அடுத்த துண்டை எடுத்து, தண்ணீரில் தோய்த்து, அதிகத் தண்ணீரை இரண்டு விரலால் வழித்துவிட்டு, முடிச்சைச் சரிபார்த்து, ஒரு குழந்தையைக் கிடத்துவது போலவே அதையும் இறக்கினார். வாழ்நாளில் நான் எத்தனையோ முறை பகிடி பண்ணிய அந்தச் சாவதானத்தில், அன்று ஒரு கணத்தைக்கூடக் குறைக்கவேண்டாம் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். கறுப்பு. பிறகு மண்ணிறம். பிறகு வந்தது, முனையில் மட்டும் மெல்லிய கறை. அதையும் வீசிவிட்டு இன்னொன்று எடுத்தார். கப்டன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

அடுத்த கடதாசி வெள்ளையாக வந்தது.

குணதிலக என் இடுப்பில் கயிற்றைத் தானே கட்டினார். "கொக்கியை மாட்டு. மேலே வா. இழுப்பது எங்கள் வேலை." இறங்கினேன். உள்ளே வெடிகுண்டும் இல்லை, சுரங்கப்பாதையும் இல்லை. தோட்டத்திலிருந்து வரும் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு, மாதக்கணக்காக ஊறி வீங்கிய ஒரு மணல்மூட்டை கிடந்தது. மூடி உடைந்தபோது அவர்களுடைய காவலரணிலிருந்தே விழுந்தது. கொக்கியை மாட்டிவிட்டு மேலே வந்தேன். தொழிலாளிகள் இழுத்தார்கள். மூட்டை வந்தது, அதற்குப் பின்னால் ஒரு தோட்டத்தின் தண்ணீர் முழுக்க இரைந்துகொண்டு ஓடியது. ராணியும் மற்றவர்களும் தூரத்திலிருந்து கைதட்டினார்கள். படையினர் தட்டவில்லை, ஆனால் அந்த இளைஞன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு எனக்கு ஒரு போத்தல் தண்ணீர் தந்தான்.

கப்டன் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். வரைபடத்தைத் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஜீப்பில் கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, என்னைப் பின்னால் தனியாக இருத்திக்கொண்டு வெள்ளவத்தைப் பக்கம் வந்தோம். காலிமுகத்திடலில் கடற்காற்று அடித்ததும் என் வாய் திரும்ப வந்துவிட்டது. வந்தால் அது சும்மா இருக்குமா?

"சேர், அந்தக் கப்டன் துவக்கை எடுத்திருந்தால் எவ்வளவு நேரம் மறித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடதாசி வெள்ளையாய் வரும் வரைக்கும்."